நாப்பதாவது ராடு

எங்க தோட்டத்துல வேப்பமரத்துக்குத் தெக்கால ஒரு சிமெண்ட் திண்டு இருக்கு. ரெண்டடிக்கு ரெண்டடி, முழங்கால் உசரம். தெரியாதவங்க அதுமேல உக்காந்து கால்ல குத்துன முள்ள எடுப்பாங்க, ஆடு மேய்க்க வர்ற பாட்டி தூக்குப்போசிய அதுமேலதான் வெச்சுட்டுப் போவாங்க. அதுக்கு அடியில ஆறரை இஞ்சு அகலத்துல 1200 அடிக்கு ஒரு ஓட்டை இருக்கு, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. 2017ல போட்ட போர். தண்ணி இல்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கே கேசிங் பைப்புக்கு மூடி போட்டாச்சு, ஆனா 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் அந்தக் கொழந்தை போர்ல விழுந்து ஊரே நாலு நாளு டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சில்ல, அந்த வாரம் அப்பா மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து மூடி மேல கான்கிரீட்டே போட்டுட்டாரு. ஊருக்குப் போறப்பல்லாம் அதத் தாண்டித்தான் மாட்டுக்கொட்டாய்க்குப் போகணும். அந்த 1200 அடியில 800 அடி அப்பா எடுத்த முடிவு. மீதி 400 அடி நான் சொன்னது.

இத யாரும் இதுவரைக்கும் என்கிட்ட சொல்லிக்காட்டுனதில்ல. அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்ல, அம்மா கேட்டதில்ல. அதனாலதானோ என்னமோ எனக்குள்ள அது அடங்கவே மாட்டேங்குது. கோயமுத்தூர்ல எதாவது ஒரு முடிவு எடுக்கற நெலமை வந்தா, அது வாஷிங் மெஷினா இருந்தாலும் சரி வேலை மாத்தறதா இருந்தாலும் சரி, அந்த ராத்திரி கம்ப்ரசர் சத்தம் காதுல கேக்க ஆரம்பிச்சுடும்.

எங்க ஊரு காங்கயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவுல. பி.ஏ.பி.ங்கற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காத் தண்ணி, நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சு விடறதுனால நம்ம முறை வர ரெண்டு வருஷம் ஆகும். மிச்ச நாளெல்லாம் கெணறும் போரும்தான். 2016ல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் கொறைஞ்சு போச்சு, 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. எங்க கெணறு தொண்ணூறு அடி, அடிப்பாறை தெரிஞ்சுது. பழைய போர் 650 அடி, அதுல மோட்டார் போட்டா பத்து நிமிஷம் ஓடி காத்து வாங்கும். 120 தென்னை. நான் காலேஜ் சேந்த வருஷம் அப்பா வெச்சது, ஒவ்வொரு குழிக்கும் அவரே மண்ணு அணைச்சது. மட்டை மஞ்சளாகி அப்படியே மரத்தோட ஒட்டித் தொங்கிட்டு இருந்துச்சு. குரும்பை கொட்டறது ராத்திரியில டொப்பு டொப்புனு கேக்கும்.

சரி போர் போடலாம்னு ஆச்சு. மொதல்ல தண்ணி பாக்கறவர் வந்தாரு. உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு தோட்டம் பூரா நடந்தாரு, ரெண்டு எடத்துல தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சு. வேப்பமரத்துக்குத் தெக்க ஒண்ணு, மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல ஒண்ணு. எனக்கு அதுல மனசு ஒப்பல, கோயமுத்தூர்ல இருந்து மீட்டர் வெச்சுப் பாக்கற ஜியாலஜிஸ்ட் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தேன். அவரு தரையில கம்பி அடிச்சு ஒயர் இழுத்து நாலு மணி நேரம் பாத்துட்டு, அந்த ரெண்டு எடமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், இதவிட மேலா வேற எடம் இல்லைன்னு சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. இங்க எல்லாம் கெட்டிப்பாறை, பாறையில இருக்கற வெடிப்புலதான் தண்ணி நிக்கும், கீழ போகப்போக வெடிப்பு கம்மியாகும், 700 அடிக்கு மேல எனக்கு ஒண்ணும் தெம்பாத் தெரியலைங்க, வேணும்னா இன்னொரு நூறடி பாத்துட்டு நிறுத்திக்கோங்க. அவரு அவ்வளவு தெளிவாச் சொன்னாரு.

அன்னைக்கு சாயந்தரம் அப்பா காலண்டர் அட்டைய கழட்டி திண்ணையில வெச்சு பின்னாடி கணக்குப் போட்டாரு. மொத 300 அடிக்கு அடி 75 ரூபா, அப்பறம் ஒவ்வொரு நூறடிக்கும் பத்து ரூபா ஏறும். 800 அடிக்கு 75,000. கேசிங் தனி. கணக்குக்குக் கீழ அவரு கையெழுத்துல, பால் கணக்கு எழுதற அதே பச்சைப் பேனாவுல, ஒரு வரி எழுதுனாரு: "800 அடி. தண்ணி இல்லாட்டி நிறுத்தறது." அட்டையத் திருப்பி ஆணியில மாட்டிட்டாரு.

பூவு கேட்டது

எடம் எதுங்கறத மட்டும் அம்மா பூ கேட்டு முடிவு பண்ணுனாங்க. எங்க பக்கம் இது சாதாரணம். பொண்ணு எடுக்கறதுக்கு, வீட்டு வேலை ஆரம்பிக்கறதுக்கு, தொழில்ல கூட்டு சேர்றதுக்குன்னு எல்லாத்துக்கும் பூ கேப்பாங்க. சிவன்மலையில ஆண்டவர் உத்தரவுப் பெட்டின்னு கண்ணாடிப் பெட்டி ஒண்ணு இருக்கறது நெறய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். யாராவது ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து இன்ன பொருள வெய்யின்னு சொன்னா, அவங்க கோயில்ல வந்து சொல்லணும், ஆனா சொன்ன ஒடனே வெச்சுட மாட்டாங்க, சாமி முன்னாடி பூ போட்டுக் கேப்பாங்க, வெள்ளைப்பூ வந்தாத்தான் அந்தப் பொருள் பெட்டிக்குள்ள போகும், அடுத்த கனவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். மண்ணு, தண்ணி, சைக்கிள்னு என்னென்னமோ வெச்சிருக்காங்க. கனவுக்கே கூட ஒரு சரிபார்ப்பு இருக்கு பாருங்க, எனக்கு அது எப்பவுமே பிடிச்ச விஷயம்.

அம்மா ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வெடியால போனாங்க. வெள்ளைன்னா வேப்பமரம், செவப்புன்னா மாட்டுக்கொட்டாய். ரெண்டு பூவையும் தனித்தனியா வெத்தலையில மடிச்சு நூலு சுத்தி, பூசாரி உருட்டி அம்மன் காலடியில போட்டாரு. கோயில்ல வெளயாடிட்டு இருந்த ஒரு சின்னப் புள்ளையக் கூப்பிட்டு ஒண்ண எடுக்கச் சொன்னாங்க. பிரிச்சா நந்தியாவட்டை. வேப்பமரம்.

நான் கூடத்தான் நின்னுட்டு இருந்தேன். எனக்கு மாட்டுக்கொட்டாய் பக்கம் போட்டா மோட்டார் ரூமுக்குக் கிட்ட, ஒயர் செலவு மிச்சம்னு ஒரு கணக்கு. அம்மாகிட்ட, இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். அம்மாவுக்குக் கோவமே வந்துருச்சு. "ஒருக்காக் கேட்டாக் கேட்டதுதான் கண்ணு. மறுபடியும் கேட்டா மொதல்ல கேட்டதுக்கும் மரியாதி இல்ல, ரெண்டாவது கேட்டதுக்கும் மரியாதி இல்ல" அப்படின்னாங்க. வர்ற வழியில நான் சும்மா இருக்காம, அப்ப எத்தனை அடி போடறதுங்கறதையும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல அம்மான்னேன். அதுக்கு அவங்க நடந்துகிட்டே சொன்னத நான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சுட்டு இருக்கேன். "எடம் நமக்குத் தெரியாது, அதனால கேட்டோம். ஆழம் நம்ம காசு. அத சாமிகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

அப்போ அது புரியல. எங்க அம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சாங்க, ஆனா முடிவெடுக்கறதப் பத்தி இவ்வளவு சுத்தமா வேற யாரும் எனக்குச் சொல்லிக்குடுத்ததில்ல. ரெண்டு பேரு நிதானமாப் பாத்தும் ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சுன்னா அதுக்கு மேல மண்டைய ஒடைக்கறதுல பிரயோஜனம் இல்ல, பூவோ காசோ எதையாவது போட்டுப் பாத்துட்டு வேலையப் பாக்கணும். ஆனா எவ்வளவு தூரம் போறது, எங்க நிக்கறது, எவ்வளவு எழந்தா தாங்கும், இதெல்லாம் நம்ம வீட்டு விஷயம், அத வேற யாரு தலையிலயும் வெக்க முடியாது.

அந்த ராத்திரி

ஏப்ரல் மாசம். திருச்செங்கோட்டு வண்டி, சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்துச்சு, போர் வண்டி ஒண்ணு, கம்ப்ரசரும் ராடும் ஏத்துன லாரி ஒண்ணு. சத்தீஸ்கர் பசங்க அஞ்சாறு பேரு, ஆப்பரேட்டர் மட்டும் தமிழ். எலுமிச்சம்பழம் நசுக்கி சூடம் காட்டி ஆரம்பிச்சாங்க. ராடுங்கறது துளை போடற இரும்புக் குழாய், ஒண்ணு 20 அடி. ஒரு ராடு எறங்குனா அடுத்தத தூக்கி மாட்டுவாங்க, அந்த நேரம் மட்டும் சத்தம் கொஞ்சம் தணியும், அப்பா அந்த நேரத்துல சுவத்துல கரித்துண்டால ஒரு கோடு போடுவாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, பங்காளிங்கன்னு ஒரு பதினஞ்சு பேரு கட்டல்லயும் கல்லுலயும் உக்காந்திருந்தாங்க. அம்மா வரக்காப்பி போட்டுட்டே இருந்தாங்க.

மேல வர்ற பாறைப்பொடிய ஒரு பையன் ராடுக்கு ஒருக்கா மம்பட்டியில அள்ளி வரிசையா குமிச்சு வெச்சுட்டு வந்தான். மொதல்ல செம்மண் கலரு, அப்பறம் வெளிர் சாம்பல், அப்பறம் கருஞ்சாம்பல். நான் ஒவ்வொரு குமிப்புலயும் கைய வெச்சுப் பாத்தேன். கோதுமை மாவாட்டம் காஞ்சு, சூடா இருந்துச்சு. எல்லாரு தலையிலயும் புருவத்துலயும் வெள்ளையாப் படிஞ்சு கெடந்துச்சு. 300 ஆச்சு, 500 ஆச்சு. பத்து மணிக்கு மேல பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. 600 அடியில ஒரு எடத்துல சத்தம் மாறுன மாதிரி இருந்துச்சு, எல்லாரும் எந்திரிச்சு நின்னோம், பொடி அப்பவும் காஞ்சுதான் வந்துச்சு.

ராத்திரி ஒண்ணே காலுக்கு நாப்பதாவது ராடு எறங்குச்சு. ஆப்பரேட்டர் எஞ்சின ஐடில்ல விட்டுட்டு எறங்கி வந்தாரு. "ஏனுங்ணா, 800 ஆச்சுங். ராட உருவீறலாமுங்ளா?" அப்பா பதில் சொல்லல. சுவத்துல இருந்த கோட்டையெல்லாம் ஒரு தடவை பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. என்கிட்ட எதுவும் கேக்கல, பாத்தாரு அவ்வளவுதான். இப்போ யோசிச்சா அவருக்கு அந்த நேரத்துல தேவைப்பட்டது ஒரே ஒரு ஆளு, அவரு அட்டையில எழுதுனத அவருக்கு ஞாபகப்படுத்தறதுக்கு. அவரு அத எழுதுனப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

நான் சொன்னேன், "இவ்வளவு தூரம் வந்தாச்சுங்ப்பா, இன்னொரு ரெண்டு ராடு பாத்தறலாம்."

ரெண்டு ராடு அஞ்சு ராடாச்சு. 900 தாண்டுனப்பறம் யாரும் யாருகிட்டயும் கேக்கல, ஆப்பரேட்டர் பாப்பாரு, நான் தலைய ஆட்டுவேன். ஆயிரம் வந்தப்ப, இனி நிறுத்துனா ஆயிரம் அடி வீணாப் போயிடுமேன்னு நெஜமாவே நெனச்சேன். வெடியக்கால அஞ்சு மணிக்கு அறுபதாவது ராடு. அதுக்கு மேல அவங்க வண்டியில ராடு இல்ல, அதனாலதான் நின்னுச்சு. கடைசிக் குமிப்பும் மாவாட்டமேதான் இருந்துச்சு. மொத 800 அடிக்கு 75,000 ரூபா, அடுத்த 400 அடிக்கு மட்டும் 60,000. அந்த 60,000க்கு அம்மாவோட நாலு பவுன் சங்கிலி கூட்டுறவு சொசைட்டிக்குப் போச்சு, திரும்பி வந்தது 2020ல. சங்கிலியக் கழட்டிக் குடுக்கறப்ப அதோட கொக்கியில சிக்கியிருந்த சேலை நூல அம்மா பொறுமையா எடுத்துட்டுக் குடுத்தாங்க, அத நான் பாத்துட்டு நின்னேன்.

அந்த வருஷம் 120ல 74 மரம் போச்சு.

என்னத்த நெனச்சு அப்படிச் சொன்னேன்

ரொம்ப நாளு இத ஆசைன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்பறம், போட்ட காச விட மனசு வராததுன்னு நெனச்சேன். அதப்பத்தி ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்காங்க. 1985ல ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு பேரு எழுதுனது ரொம்பப் பிரபலம். ஓஹையோவுல ஒரு யுனிவர்சிட்டி தியேட்டர்ல சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சில பேருக்கு முழு விலை, சில பேருக்கு மட்டும் தள்ளுபடின்னு குடுத்துப் பாத்தாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா முழு விலை குடுத்தவங்கதான் சீசன் மொத பாதியில அதிகமா வந்தாங்க. குடுத்த காசு ஆள இழுத்துட்டு வருது. நம்ம ஊர்ல படம் நல்லால்லைன்னாலும் டிக்கெட் காசுக்கு உக்காந்து முடிச்சுட்டு வர்றதுதான் இது.

இது சரிதான், ஆனா எனக்கு இது பத்தல. ஏன்னா 800 அடிக்குக் கீழ தண்ணியே இருக்காதுன்னு யாரும் சொல்லிட முடியாது. எங்க ஊர்லயே ஆயிரத்துக்குக் கீழ தண்ணி எடுத்தவங்க இருக்காங்க. அப்ப நான் பண்ணுன தப்பு என்ன? ரொம்ப யோசிச்சு எனக்குக் கெடச்சது இதுதான். அந்த ஒண்ணே கால் மணிக்கு எனக்குப் புதுசா ஒண்ணுமே தெரியாது. அப்பா திண்ணையில உக்காந்து முடிவெடுத்தப்ப என்ன தெரியுமோ, அதேதான் அப்பவும் தெரியும். பொடி காஞ்சுதான் இருந்துச்சு. மாறுனது நாங்க மட்டும்தான், தூக்கம் இல்ல, சத்தம், சுத்தி நின்னு பாக்கற ஆளுங்க, செலவான காசு. வெளிச்சத்துல, வயித்துக்குச் சாப்புட்டு, ஜியாலஜிஸ்ட் சொன்னதக் கேட்டு, பேனா எடுத்து எழுதுன ஒரு மனுஷனோட முடிவ, நடுராத்திரி பயந்து போயி நின்ன ஒருத்தன் மாத்திட்டான். ரெண்டு பேருல யாரு பேச்சக் கேட்டிருக்கணும்னு கேட்டா சந்தேகமே இல்ல.

பொடி நனைஞ்சு வந்திருந்தா கதையே வேற. 780ல மண்ணு ஈரமா வந்திருந்தா நாங்க மேல போனது சரி, அது புதுச் சேதி, அந்தச் சேதி அட்டையில எழுதறப்ப அப்பாவுக்குத் தெரியாது. அதனால ஒரு முடிவ எடுத்துட்டா அதுல கல்லாட்டம் நிக்கணும்னு நான் சொல்ல வரல, அது வெறும் வீம்பு. திரும்பப் பாக்கலாம், ஆனா மண்ணு நனைஞ்சிருக்கணும்.

இத நான் என் வீட்டுக்காரிகிட்ட ஒரு நாள் சொன்னேன், அது அப்படியே எங்க வீட்டுல ஒரு பேச்சாவே ஆயிடுச்சு. கோயமுத்தூர்ல நாங்க வீடு வாங்குனப்ப நாலு மாசம் அலைஞ்சோம், ஒரு வீடு பிடிச்சு அட்வான்ஸ் குடுத்தோம். குடுத்த அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் படுத்துட்டே ஆப்ல வேற வேற வீடா பாக்க ஆரம்பிச்சுட்டேன். இது இன்னும் நூறு சதுர அடி பெருசா இருக்கே, இது கெழக்குப் பாத்து இருக்கே, இங்க கார் நிறுத்த எடம் இருக்கேன்னு தெனமும். வாங்குன வீட்டு மேல இருந்த சந்தோஷம் எல்லாம் ஒரு பத்து நாள்ல கரைஞ்சு போச்சு, இத்தனைக்கும் அந்த வீட்டுல ஒரு கொறையும் புதுசாக் கண்டுபிடிக்கல. ஒரு நாள் அவ லைட்ட போட்டு எந்திரிச்சு உக்காந்து கேட்டா, "மண்ணு நனஞ்சிருக்குதா?" எனக்குப் பதில் இல்ல. பத்திரத்துல வில்லங்கமா, தண்ணி வர்றதில்லைன்னு கேள்விப்பட்டியா, எதாவது புதுசா இருக்குதான்னு கேட்டா. ஒண்ணும் இல்ல. அப்ப போன வெச்சுட்டுத் தூங்குன்னு சொன்னா. அந்த ஆப்ப அன்னைக்கே எடுத்துட்டேன். அந்த வீட்டுலதான் இப்ப இருக்கோம், சாயந்தரம் பால்கனியில மருதமலைப் பக்கம் இருந்து காத்து வரும்.

வேற மாதிரியும் ஆயிருக்கு. 2021ல ஒரு கம்பெனிக்கு மாறுனேன், நல்லா யோசிச்சு எடுத்த முடிவுதான், ரெண்டு வருஷமாவது இருக்கணும்னு எழுதியே வெச்சிருந்தேன். நாலாவது மாசம் சம்பளம் பன்னெண்டு நாள் தள்ளிப் போச்சு, அஞ்சாவது மாசம் பாதி வந்துச்சு, கூட வேலை பாத்த ரெண்டு பேரு பி.எஃப். கட்டாம விட்டிருக்காங்கன்னு எடுத்துக் காட்டுனாங்க. பழைய ஆளா இருந்தா, மாறி அஞ்சு மாசத்துல வெளிய வந்தா எல்லாரும் என்ன நெனப்பாங்கன்னு ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். அன்னைக்கு சாயந்தரம் வீட்டுக்கு வந்து, மண்ணு நல்லா நனஞ்சிருச்சுன்னு சொன்னேன், அவ ஒண்ணும் கேக்கல, அடுத்த வாரம் பேப்பர் போட்டுட்டேன். எடுத்த முடிவ விடறதுக்கும் ஒரு தெம்பு வேணும், காரணம் கண்ணுக்கு முன்னாடி ஈரமா இருக்கறப்ப அந்தத் தெம்பு தானா வந்துருது.

சின்ன விஷயத்துக்கெல்லாம் அம்மா வழிதான். வாஷிங் மெஷின்ல மேல தெறக்கறதா முன்னாடி தெறக்கறதான்னு மூணு வாரம் வீடியோ பாத்துட்டு இருந்தேன், ரெண்டும் எங்களுக்கு ஒத்து வரும், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணு. வீட்டுக்காரி ரெண்டு சீட்டு எழுதி பாப்பாகிட்ட நீட்டுனா, அவ எடுத்தா, முடிஞ்சுது. அந்த மூணு வாரம் எனக்குத் திரும்பக் கெடைக்காதுன்னு நெனச்சா இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு.

2024

2024 கோடையில மறுபடியும் அதே நெலமை. எங்க பக்கம் எல்லாம் தென்னை காஞ்சுது. மிச்சம் இருந்த 46 மரத்துக்கும் மாட்டுக்கும்தான் தண்ணி வேணும். இந்தத் தடவை அப்பாவும் நானும் உக்காந்து பேசுனோம். 700 அடி. 700ல நிறுத்தறப்ப, கடைசி ரெண்டு ராடுல தண்ணி கூடிட்டு வந்துச்சுன்னா மட்டும் இன்னும் அஞ்சு ராடு, அதுக்கு மேல என்ன வந்தாலும் வேண்டாம். இத எழுதி ஏஜெண்டுகிட்டயும் ஆப்பரேட்டர்கிட்டயும் வண்டி ஏறும்போதே சொல்லியாச்சு, 700 அடிக்கு உண்டான காச மட்டும் எடுத்து தனியா வெச்சுட்டு மீதிய அம்மா பீரோவுல பூட்டிட்டாங்க. வேடிக்கை பாக்க யாரையும் கூப்புடல. வெடியால ஆறு மணிக்கு ஆரம்பிக்கச் சொன்னோம், பகல் வெளிச்சத்துலயே முடியற மாதிரி. இதெல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுதான், ஆனா ஒரு முடிவக் காப்பாத்தறது மனஉறுதியில இல்ல இந்த மாதிரி ஏற்பாட்டுலதான்னு எனக்கு இப்ப உறுதியாத் தோணுது.

640 அடியில, 32ஆவது ராடுல, பொடி நனைஞ்சு வந்துச்சு. மொதல்ல கட்டி கட்டியா, அப்பறம் சேறா, அப்பறம் கலங்கலாத் தண்ணி. அப்பா செருப்பக் கழட்டிட்டு அதுல போயி நின்னாரு. அரை இஞ்சு தண்ணி, போர்ல எவ்வளவு தண்ணி வருதுங்கறத எங்க பக்கம் இஞ்சுக் கணக்குலதான் சொல்லுவோம். 660, 680, 700 வரைக்கும் போனோம், அரை இஞ்சு அரை இஞ்சாவேதான் இருந்துச்சு, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. ஆப்பரேட்டர் எறங்கி வந்தாரு. "ஈரம் பட்டிருச்சுங்ணா, இன்னொரு நூறடி போனா ஒரு இஞ்சாவது ஆகுமுங்." எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்பா இந்தத் தடவையும் என்னையப் பாத்தாரு. நான், "கடைசி ரெண்டு ராடுல கூடலீங்ப்பா. எழுதுனபடி நிறுத்திக்கலாம்"ன்னேன். அவரு ஆப்பரேட்டர்கிட்ட "உருவீருங்க தம்பி"ன்னாரு. ராடு ஒண்ணொண்ணா மேல வந்து லாரியில அடுக்கற சத்தம் கேட்டுட்டு நின்னோம், மணி மத்தியானம் ரெண்டு கூட ஆகல, அம்மா சோறு போட்டுட்டாங்க.

இங்க முடிச்சிருந்தா நல்லாத்தான் இருக்கும். அடுத்த மாசம் பக்கத்துத் தோட்டத்து மாமா, எங்க வேலியில இருந்து முன்னூறு அடி கூட இருக்காது, 940 அடி போட்டாரு. ரெண்டு இஞ்சு தண்ணி. தகவல் போன்ல வந்தப்ப நான் ஆபீஸ் கேன்டீன்ல இருந்தேன், சாப்பாட்டுல கை வெக்க முடியல. 2017ல நிறுத்தாம விட்டேன், 2024ல நிறுத்திட்டேன், ரெண்டு தடவையும் தண்ணி எனக்கு எதிராப் போயிடுச்சேன்னு. ஒடனே அப்பாவுக்குப் போன் பண்ணி, தப்புப் பண்ணிட்டமாங்ப்பான்னு கேட்டேன். அவரு மாட்டுக்குத் தீனி போட்டுட்டு இருந்திருக்காரு, மணிச் சத்தம் கேட்டுச்சு. "அவன் ஆழம் அவன் காசு. அவனுக்குத் தண்ணி வந்தது எனக்கு சந்தோசம்தான். அன்னைக்கு 700ல நமக்கு என்ன தெரியுமோ அதுக்கு நாம நிறுத்துனது சரி" அப்படின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ அன்னைக்கு ஞாபகப்படுத்துன பாத்தியா, அது எனக்குப் போதும் கண்ணு"ன்னாரு. ஏழு வருஷத்துல அந்தப் பழைய ராத்திரியப் பத்தி அவரு பேசுனது அவ்வளவுதான்.

எனக்கு முழுசா ஆறல. அந்த ரெண்டு இஞ்சு தண்ணி இன்னும் என் கண்ணுல நிக்குது. ஒரு முடிவு சரியா இருந்தும் கைக்குக் கெடைக்காம போகலாம், தப்பா இருந்தும் தண்ணி கொட்டலாங்கறது புத்திக்குத் தெரியும், மனசுக்கு அது ஏற மெதுவாத்தான் ஏறும்போல. ஆனா 2017 மாதிரி அது என்னைய ராத்திரி எழுப்பறதில்ல. இதுல ஏக்கம் இருக்கு, உறுத்தல் இல்ல. ரெண்டும் வேற வேறன்னு இப்பத்தான் தெரியுது.

அந்த அரை இஞ்சுத் தண்ணிக்கு அப்பா சொட்டுநீர் போட்டுட்டாரு. தென்னை போன எடத்துல மூலனூர்ப் பக்கம் மாதிரி முருங்கை வெச்சிருக்காரு. மாட்டுத் தொட்டிக்கு மட்டும் மாமா அவரு போர்ல இருந்து ஒரு குழாய் இழுத்து விட்டிருக்காரு.

போன மே மாசம் பாப்பாவுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. பயோ மேத்ஸா கம்ப்யூட்டர் சயின்ஸான்னு வீட்டுல ஒரு வாரமா அதே பேச்சு. ஊருக்குப் போனப்ப அவளே போயி, "அப்பத்தா, எனக்கு ஒரு பூ கேட்டுச் சொல்லுங்"ன்னா. அம்மா திண்ணையில உக்காந்து மல்லி கட்டிட்டு இருந்தாங்க, பக்கத்துல சாமிக்குப் பறிச்ச செவ்வரளி. கை நிக்காமலே கேட்டாங்க, "ரெண்டும் உனக்கு ஒண்ணாட்டமே இருக்குதா சாமி? எது வந்தாலும் ஒரே மாரி சந்தோசமாப் போயிருவியா?"

அவ ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம் மெதுவா, "இல்லீங்"ன்னா.

"அப்பறம் பூவுகிட்டக் கேக்க என்ன இருக்குது"ன்னு சொல்லி, கட்டுன மட்டும் மல்லிய அறுத்து அவ தலையில வெச்சு விட்டாங்க.